உலுருவில் ஏறவில்லையா என்று இனி என்னைக் கேட்காதீர்கள்

மெல்பேர்ணில் இருக்கும் மகளிடம் போயிருந்தபோது நடு அவுஸ்திரேலியாவின் யுலாராவுக்கும் போய், உலுருப் பாறையைப் பார்த்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து, படங்களைப் பார்க்கும் ஒவ்வொருவரும் கேட்பது, "உச்சிக்கு ஏறினனீங்களோ?" என்பதைத்தான். இல்லை என்றால், அவ்வளவு காசைக் கொட்டிப் போய் அடிவாரத்தோடா திரும்பினீர்கள் என்று முகத்தைச் சுழிக்கிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

348 மீற்றர் உயரமும் ஏறத்தாழ 9.4 கிலோமீற்றர் சுற்றளவும் கொண்ட அந்தச் செம்பாறை, அந்த மண்ணின் ஆதிக்குடிகளான அனங்கு மக்களுக்குப் புனிதமானது. சுற்றுலாப் பயணிகள் ஏறிய பாதை, அவர்களுடைய மூதாதையரான மலா ஆண்கள் உலுருவுக்கு வந்துசேர்ந்த வழி என்று அவர்கள் போற்றுவது. அந்த வழியில்தான் 1964இல் பிடித்து ஏறுவதற்குச் சங்கிலி பூட்டினார்கள். 1985 ஒக்டோபர் 26ஆம் திகதி நிலத்தின் உரிமை அனங்கு மக்களிடம் திரும்பியபோதும், அதைத் தேசியப் பூங்காவுக்காக 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடவேண்டியிருந்தது. ஏறவேண்டாம் என்று அவர்கள் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, சனம் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே மலசலகூடம் கிடையாது. அங்கே கழிக்கப்பட்டதெல்லாம் மழையோடு வழிந்து அடிவாரத்துச் சுனைகளில் சேர்ந்தது. ஏறப்போய் 37 பேர் உயிரிழந்தார்கள். தங்கள் மண்ணுக்கு வந்தவர் இறந்தால் அந்தத் துயரத்தையும் அனங்கு மக்களே சுமந்தார்கள். ஒருவழியாக 2019 ஒக்டோபர் 26இல் பாதை நிரந்தரமாக மூடப்பட்டது. மூடப்போகிறார்கள் என்று அறிந்ததும், அதற்கு முன் ஏறிவிடவேண்டும் என்று வரிசையில் முண்டியடித்த கூட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

யுலாராவில் விலைகள் கடுமை, ஈக்கள் அதைவிடக் கடுமை; அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். முன்பு பாறையின் காலடியிலேயே இருந்த விடுதிகளை அகற்றிவிட்டு, ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் தள்ளி அந்த ஊரைக் கட்டினார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு அதன்மேல் மரியாதையே வந்தது. என்னால் பொறுக்கமுடியாமற் போனது எங்களுடைய ஆட்களின் நடத்தை. விடியற்காலையில் நூறு பேர் வாய்திறவாமல் நின்று பாறை நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், எங்கள் கூட்டம் ஊர்ச் சண்டையை உரத்த குரலில் பேசியது. அடிவாரத்தைச் சுற்றும் நடைபாதையில் சில இடங்களில், இங்குள்ள பாறை வடிவங்கள் மறைநூலுக்கு ஒப்பானவை, இவற்றை இவ்விடத்தில் மட்டுமே பார்க்கவேண்டும், படம் எடுக்காதீர்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றே மருமகனின் உறவினர் ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்தினார். "அண்ணை, வேண்டாம்" என்றேன். "படம் எடுத்தாப் போலை கல்லு தேய்ஞ்சுபோடுமோ?" என்று கேட்டார்.

இப்படிக் கேட்பதற்கு வன்னியில் பிறந்த ஒருவருக்கு எப்படி வாய் வருகிறது? யுத்தம் முடிந்த கையோடு கிளிநொச்சியில் விழுந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன்னால் பேருந்து பேருந்தாக வந்து இறங்கி, சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டு போனவர்களை நாங்கள் மறந்துவிட்டோமா? வீடும் கூரையும் இல்லாமல் நாங்கள் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது எங்கள் இழப்பு அவர்களுக்குக் காட்சிப்பொருளாக இருந்தது என்று இன்றுவரை மனம் நொந்து பேசுகிறோமே! வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வேளையில் எவராவது செருப்போடு உள்ளே வந்து, எண்ணெய்தானே ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால், அவரை அங்கே நிற்கவிடுவோமா? எங்களுக்கு நோகும் என்றால் அவர்களுக்கும் நோகும். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது கல் பொறுக்குவது. பூங்காவிலிருந்து கல்லோ மண்ணோ எடுப்பது சட்டப்படி குற்றம். அப்படி எடுத்துப் போனவர்கள் பிறகு மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு உலகின் பல மூலைகளிலிருந்தும் கற்களைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்தக் கல் எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியாததால் அவற்றை உரிய இடத்தில் வைக்கமுடியாமல் அங்குள்ளவர்கள் திண்டாடுகிறார்கள். இவ்வளவும் நடக்க, எங்கள் ஊரில் ஒரு வீட்டின் கண்ணாடி அலுமாரியில், கோவில் விபூதித் தட்டுக்குப் பக்கத்திலேயே, உலுருவிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கல் ஒன்று இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறார்கள். இதைப் படிக்கும்போது அது தங்கள் வீடுதான் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கல்லை எடுத்துப் பொதி கட்டுங்கள், எந்த இடத்தில் பொறுக்கினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள், தபாற்செலவை நான் தருகிறேன்.