மாவு தீர்ந்துவிட்டது என்பதை யார் கவனிப்பது?

வீட்டு வேலைகளைத் திறம்படச் செய்வது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கால அட்டவணை, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பட்டியல், பாத்திரம் கழுவும் இயந்திரம் என்றுதான் யோசனைகள் வருகின்றன. இவை பயனற்றவை அல்ல. ஆனால் இவை குறைப்பது கை செய்யும் வேலையை மட்டுமே. எது எப்போது தீரும், எதை இன்றே தொடங்கினால்தான் நாளைக்கு ஆகும் என்று ஓயாமல் போடும் மனக்கணக்கு அப்படியே ஒருவர் தலையிலேயே தங்கிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். அரைப்பதைக் கிரைண்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் டப்பாவில் இன்னும் நான்கு தோசைக்குத்தான் மாவு இருக்கிறது என்பதை முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், அந்த உளுந்து வீட்டில் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அரிசி ஊற நான்கு மணி நேரமாவது வேண்டும். பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்திருந்தால் அதற்கு முன்பே அரைத்து முடித்தாக வேண்டும். மார்கழிக் குளிரில் மாவு புளிக்க நேரம் பிடிக்கும் என்பதால் மாலையிலேயே உப்புப் போட்டுக் கரைத்து வைக்க வேண்டும். சித்திரையில் அதே நேரத்தில் கரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரம் பொங்கி வழிந்து மேடையெல்லாம் மாவாகிவிடும். "நான் அரைத்துத் தருகிறேனே" என்று அன்போடு வரும் கணவர், இவ்வளவும் முடிந்த பிறகு சுவிட்சைப் போடுகிறார்.

இயந்திரங்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைக் கேலி செய்தவர்களில் பலர், ஆட்டுக்கல்லின் முன் ஒருநாள்கூட உட்கார்ந்திராதவர்கள் என்பது என் எண்ணம். தோள்வலி குறைந்தது உண்மை. ஊறப்போட நினைவு வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் கைமாறவில்லை.

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். 2024 கணக்கெடுப்பில் இது 289, 88 என்றானது. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தபோது, ஆண்களும் தங்கள் பங்கில் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்! இந்தக் கணக்கும் ஒரு நாளை அரைமணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, அந்தந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பெறப்பட்டது. அலுவலகத்திலிருந்து திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டே மறுநாள் சமையலைத் திட்டமிடுவது அதில் பயணம் என்றுதான் பதிவாகும்.

ஆகவே, வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிப்பதைவிட, ஒரு வேலையை அதன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரிடமே ஒப்படைப்பதுதான் பலன் தரும் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் மாவு முழுக்க என் கணவருடையது. அரிசி வாங்குவது, ஊறப்போடுவது, கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது, தீரப்போவதைக் கவனிப்பது எல்லாம் அவரே. மின்கட்டணமும் பிள்ளைகளின் பள்ளி விவகாரங்களும் என்னுடையவை; சிலிண்டர் பதிவு செய்வதும் தண்ணீர் கேன் சொல்வதும் மறுபடி அவருடையவை.

இதில் கடினமான பகுதி ஒப்படைத்தவர் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். "உளுந்து ஊறியதா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், பொறுப்பு திரும்ப நம்மிடமே வந்துவிடும். மாவு இல்லாத காலையில் அவர் கடைக்குப் போய் பாக்கெட் மாவு வாங்கி வந்தார். இன்னொரு நாள் உப்புமா கிண்டினார். யாரும் பட்டினி கிடக்கவில்லை. இட்லி சற்றுக் கல்லாக இருந்தால் அதைச் சகித்துக்கொள்ளும் மனம் நமக்கும் வேண்டும். நம் கைப்பக்குவத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு குறை சொன்னால் எவரும் இரண்டாம் வாரம் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டால் தீர்ந்துவிடும் என்பார்கள். பாத்திரம் தேய்க்கும் அக்கா வராத நாளில் அவர் அழைப்பது யாரை? அவருடைய விடுப்பு, முன்பணம், தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய ஒரு மாதச் சம்பளம், அவருக்கு உடம்புக்கு முடியாதபோது மாற்று ஏற்பாடு என்று எல்லாமே வீட்டுப் பெண்ணின் அலைபேசிக்குத்தான் வருகின்றன. ஆள் வைத்துக்கொள்ள வசதியுள்ள குடும்பங்கள் இதையும் பங்கீட்டில் சேர்க்க வேண்டும். அந்த அக்காவிடம் முதலில் வீட்டு ஆணின் எண்ணைக் கொடுத்துத் தொடங்கலாம்.