டொக்டருக்குக் கிடைத்தும் போகாத பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலில் ஒரு கலியாண வீடு. தங்கையின் மகள் மூன்று வருடத்துக்குப் பிறகு விடுமுறையில் வந்து நிற்கிறாள், அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு மாமி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு டொக்டருக்குக் கிடைச்சதெல்லே பிள்ளை, ஏன் விட்டனி? இப்ப மீனோட நிக்கிறியாம்" என்று கேட்டார். அக்கறையில்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும். மருமகள் "ஓம் மாமி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அதனால் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவள் படிப்பது மரபணு ஒழுங்காக்கமும் கூர்ப்பும் (உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவது). விளக்கமாகச் சொன்னால், உங்கள் கண்ணில் இருக்கும் கலத்திலும் ஈரலில் இருக்கும் கலத்திலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதுதான் வித்தியாசம். புரதம் செய்யும் மரபணுக்கள் மனிதனுக்கு ஏறக்குறைய 20,000 இருக்கின்றன, அவை நமது டிஎன்ஏயில் 2 சதவீதம்கூட இல்லை. அவற்றைப் போட்டு நிறுத்துகிற சுவிச்கள் மிச்சப் பகுதியில் லட்சக்கணக்கில் பரவிக் கிடக்கின்றன. மேரி-கிளெயர் கிங், அலன் வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1975 இலேயே ஒரு விஷயம் எழுதினார்கள்: மனிதனுடைய புரதங்களும் சிம்பன்சியின் புரதங்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன, ஆகவே இரண்டு உயிர்களுக்கும் நடுவில் தெரியும் இவ்வளவு பெரிய வித்தியாசம் அந்தச் சுவிச்களில்தான் பெரும்பாலும் இருக்கவேண்டும் என்று. அவள் அந்த வழியில் வந்தவள்.

கலியாண வீட்டால் வந்து விறாந்தையில் இருந்தபோது போனில் ஒரு படம் காட்டினாள். இரண்டு நாள் வயதான சீப்ரா மீன் குஞ்சு, கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார்களே, அந்தச் சின்ன வரிமீன். உடம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி. கழுத்துக்குக் கீழே செட்டை முளைக்கிற அந்த ஒரு புள்ளி மட்டும் பச்சையாக மினுங்கியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை இந்த இடம் மட்டும் மினுங்குது?" என்று கேட்டார். அவள் துள்ளி எழும்பி, "அம்மம்மா, நான் ஏழு மாசமா இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றாள்.

செட்டைக்கான சுவிச் என்று சந்தேகப்படுகிற ஒரு துண்டு டிஎன்ஏயை எடுத்து, ஜெலி மீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளி மரபணுவோடு ஒட்டி, முட்டைக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் ஏற்றுகிறாள். காலையில் விளக்கைப் போட்டவுடன் மீன் முட்டையிடும். அந்த முட்டை ஒரு கலமாக இருப்பது முக்கால் மணித்தியாலம்தான், அதற்குள் ஏற்றி முடிக்கவேண்டும். ஏற்றினதில் பாதி செத்துப்போகும், மிச்சத்தில் பெரும்பாலானவை மினுங்காது. மினுங்கினால் சுவிச் அதுதான். பிறகு அதே துண்டை வேறு மீன்களிலிருந்து எடுத்துப் பார்க்கிறாள், எங்கே மாறியிருக்கிறது, மாறினதால் செட்டை என்னவானது என்று.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டிக்கிள்பேக் என்ற சின்ன மீனின் கதை. கடலில் வாழும்போது அதன் வயிற்றுப் பக்கம் முள் இருக்கும். பனியுகம் முடிந்தபிறகு ஏரிகளில் அகப்பட்ட சில கூட்டங்கள் அந்த முள்ளை இழந்துவிட்டன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிங்ஸ்லியின் ஆய்வுகூடம் தேடிப் பார்த்தபோது முள்ளுக்குப் பொறுப்பான மரபணு பழுதில்லாமல் அப்படியே இருந்தது. அது இடுப்பில் வேலைசெய்யவைக்கிற சுவிச் மட்டும் அறுந்து போயிருந்தது. 2010 இல் அந்தச் சுவிச்சை மரபணுவோடு சேர்த்து முள்ளில்லாத மீனுக்குத் திரும்பக் கொடுத்தார்கள், இடுப்பெலும்பு திரும்ப வளர்ந்தது! மரபணுவையே உடைத்திருந்தால் தாடை, மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பி என்று எல்லாம் கெட்டிருக்கும், ஏனென்றால் அதே மரபணு அங்கேயும் வேலை செய்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

பிரெஞ்சு உயிரியலாளர் பிரான்சுவா ஜாகோப் 1977 இல் எழுதினார், கூர்ப்பு என்பது பொறியியலாளர் மாதிரி திட்டம் போட்டு வேலை செய்வதில்லை, கைக்குக் கிடைத்த பழைய சாமானை வைத்து ஒப்பேற்றுகிறவன் மாதிரித்தான் வேலை செய்கிறது என்று. இது எங்கள் ஊருக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். புதிதாக ஒரு சாமானும் வரவில்லை, இருந்ததையே வேறு இடத்தில் பூட்டினோம். சுவிச் மாறி மீன் மாறுவதும் அதே வேலைதான்.

ஜாகோப்பே டொக்டருக்குப் படித்தவர். 1940 இல் படிப்பை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போனார், 1944 இல் நோர்மண்டியில் படுகாயம். சத்திரசிகிச்சை நிபுணராக வரும் ஆசை அதோடு போய்விட்டது. முப்பது வயதில், 1950 இல், பாரிஸில் இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். சில வருடத்துக்குப் பிறகு, பக்டீரியா பால் வெல்லம் இருக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் நொதியை ஏன் செய்கிறது என்ற கேள்விக்கு வந்தார். 1961 இல் அவரும் ஜாக் மோனோவும் மரபணுவைப் போட்டு நிறுத்தும் முறையை விளக்கி எழுதினார்கள், 1965 இல் நோபல் பரிசு. முப்பது வயதில் யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் அவர் இருந்திருந்தால் அவரிடமும் மாமி இதே கேள்வியைக் கேட்டிருப்பார்.

சரி, "என்ன பிரயோசனம்" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தலசீமியா பிள்ளைகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இரத்தத்தில் ஒட்சிசனைக் காவுகிற ஹீமோகுளோபின் சரியாக உண்டாகாத நோய் அது, மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால் இரத்தம் ஏற்றவேண்டும், எங்கள் நாட்டில் குருநாகலில் அதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லாருக்கும் வேறொரு ஹீமோகுளோபின் ஓடுகிறது, பிறந்தபிறகு அது நின்றுவிடும். அதை நிறுத்துவதில் பெரிய பங்கு பிசிஎல்11ஏ என்ற மரபணுவுக்கு என்று 2008 இல் காட்டினார்கள். அந்த மரபணுவைச் செங்குருதிக் கலத்தில் மட்டும் இயக்குகிற சுவிச் 2013 இல் அகப்பட்டது. அந்தச் சுவிச்சை, டிஎன்ஏயை வேண்டிய இடத்தில் வெட்டுகிற கிறிஸ்பர் முறையில் வெட்டி, குழந்தை ஹீமோகுளோபினைத் திரும்ப ஓடவைக்கிற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. விலை எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, அமெரிக்காவில் 20 லட்சம் டொலருக்கு மேல், அது எனக்கு நெஞ்சில் குத்துகிற விஷயம். ஆனால் அந்தப் பாதையின் தொடக்கத்தில் நின்றவர்கள் "சுவிச் எங்கே இருக்கிறது" என்று மட்டும் கேட்டவர்கள்.

இந்த வாழ்க்கையில் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நாலு வருடப் பட்டம், அமெரிக்காவில் என்றால் கலாநிதிப் பட்டத்துக்கு ஐந்து ஆறு வருடம், பிறகும் ஒப்பந்தத்தில் சில வருடம். பேராசிரியர் வேலை பலருக்குக் கிடைப்பதில்லை. ஒரு வருட வேலை ஒரே கிழமையில் பிழைத்துப்போகும். ஆனால் பெற்றோர் அறியாத விஷயம் ஒன்று இருக்கிறது: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே படிப்புக் கட்டணத்தையும் மாதச் செலவையும் கொடுக்கிறது. காணி விற்கத் தேவையில்லை. மருமகள் ஒரு சதமும் எங்களிடம் வாங்கவில்லை.

நானும் ஒரு காலத்தில் பனை பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டேன். ஆண்பனையா பெண்பனையா என்று பூக்கும் வரைக்கும், பத்து வருடத்துக்கு மேல், பார்த்துச் சொல்ல முடியாது, அது ஏன் என்பதுதான் என் கேள்வி. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் குறிப்புக் கொப்பிகள் எல்லாம் போயின. திரும்பி வந்தபிறகு நான் மதித்த ஒருவரிடம் போய்க் கேட்டேன், "தம்பி, முதல்ல ஒரு உத்தியோகத்தைப் பாரும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தக் காலம் அப்படி. ஆனால் இப்போது காலம் அது இல்லை, அதே வசனத்தை நாங்கள் இன்றைய பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். டொக்டர்கள் எங்களுக்குத் தேவை, நிறையத் தேவை. ஆனால் உடம்பு எப்படி உண்டானது என்று கேட்கிற பிள்ளையை வைத்தியம் செய்யத்தான் வேண்டும் என்று பிடித்துத் தள்ளாதீர்கள்.

மருமகள் வாற மாதம் பத்தாம் திகதி வரைக்கும் இங்கே நிற்பாள். உயிரியல் பிரிவில் சோதனை எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள் யாராவது கதைக்க விரும்பினால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மீன் குஞ்சுப் படம் காட்டுவாள்.