கோச் எங்கே குடியிருந்தார் என்பதா கேள்வி?

2023 செப்டம்பரில் கார்டிஃபில் வேல்ஸும் தென்கொரியாவும் ஒரு நட்பு ஆட்டம் ஆடின. இரு பக்கமும் கோல் இல்லை, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஆட்டம். முடிந்ததும் கொரியாவின் பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மான், வேல்ஸ் கேப்டன் ஆரோன் ராம்சேயிடம் அவருடைய ஜெர்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. அப்போது லாஸ் ஏஞ்சலஸில் கோல்கீப்பராக இருந்த மகன், ராம்சே ஜெர்சி கிடைக்குமா என்று மெசேஜ் அனுப்பியிருந்தானாம். கொரியாவில் கொந்தளித்துவிட்டார்கள்.

ஒரு அப்பா மகனுக்காக ஜெர்சி கேட்டதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனால் அவர் பொறுப்புக்கு வந்து ஐந்து ஆட்டம் முடிந்தும் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. கோபம் முழுக்க அதில்தான். ஜெர்சி கைக்கு வசதியாகக் கிடைத்த சாட்சி, அவ்வளவுதான். தேசிய அணி கோச்சுக்குக் குடும்பம் என்று ஒன்று இருப்பதே தோற்ற பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

கிளின்ஸ்மானுக்கு இது புதிதும் இல்லை. 2004 யூரோ கோப்பையில் முதல் சுற்றோடு ஜெர்மனி வெளியேறி, பயிற்சியாளர் ரூடி ஃபெல்லர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் இவர். மனைவி அமெரிக்கர், பிள்ளைகள் கலிஃபோர்னியாவில் வளர்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டை மாற்ற மாட்டேன், அங்கிருந்தபடியே வந்து போவேன் என்றார். சரி என்றார்கள். 2006 மார்ச் 1 அன்று ஃப்ளாரன்ஸில் இத்தாலியிடம் 4-1 என்று உதை வாங்கும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. உலகக் கோப்பை சொந்த நாட்டில், இன்னும் நூறு நாள். மனிதர் கலிஃபோர்னியாவுக்கு விமானம் ஏறிவிட்டார். அதற்கடுத்த வாரம் ட்யூசல்டார்ஃபில் பங்கேற்கும் அணிகளின் பயிற்சியாளர்களுக்காக ஃபிஃபா வைத்த கூட்டத்துக்கும் வரவில்லை. போட்டி அமைப்புக் குழுத் தலைவர் பெக்கன்பவர் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். நாடாளுமன்ற விளையாட்டுக் குழு முன்னால் அழைத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று எம்.பி.க்கள் கிளம்பினார்கள். ஒரு கோச் வீட்டுக்குப் போனதற்கு நாடாளுமன்றம்!

அப்புறம் என்ன ஆனது? ஜெர்மனி அரையிறுதி வரை போனது, போர்ச்சுகலை 3-1 என்று வீழ்த்தி மூன்றாம் இடம் பிடித்தது. பிராண்டன்பர்க் வாயிலில் லட்சக்கணக்கில் கூடி அணியைக் கொண்டாடினார்கள். போகாதே என்று நாடே கெஞ்சியது. குடும்பத்தோடு சாதாரண வாழ்க்கைக்குத் திரும்ப ஆசைப்படுகிறேன் என்று சொல்லி விலகிவிட்டார். மார்ச்சில் அதே குடும்பத்துக்காகத் திட்டு வாங்கியவரை ஜூலையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தேசிய அணி கோச்சின் வேலை என்னவென்று பார்த்தால் இந்தக் கூச்சலின் அபத்தம் புரியும். கிளப் கோச் மாதிரி தினமும் காலையில் மைதானத்துக்குப் போகிற வேலை இல்லை இது. வீரர்கள் கிளப்பின் சம்பளக்காரர்கள். ஃபிஃபா காலண்டர் ஒதுக்கும் சில நாட்களில் மட்டும்தான் கைக்கு வருவார்கள். இரண்டு மூன்று பயிற்சி, இரண்டு ஆட்டம், கலைந்து போய்விடுவார்கள். மிச்ச நாளெல்லாம் பார்ப்பது, பேசுவது, யாருக்குக் காயம், யார் ஃபார்மில் இருக்கிறார் என்று கணக்குப் போடுவது. கிளின்ஸ்மான் காலத்தில் கொரியாவின் முக்கிய வீரர்களான சன் ஹியூங்-மின் லண்டனில், கிம் மின்-ஜே மியூனிக்கில், லீ காங்-இன் பாரிஸில். இவர்களைக் கவனிக்க சியோலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில் அர்த்தமில்லை.

இருந்தாலும் கிளின்ஸ்மானுக்கு முழுசாக வக்காலத்து வாங்க மாட்டேன். ஜெர்மனியில் அவர் இல்லாத நேரத்தில் துணைப் பயிற்சியாளராக யோவாகிம் லோ இருந்தார், மேலாளராக பீயர்ஹாஃப் இருந்தார். அமெரிக்காவிலிருந்து உடற்பயிற்சி நிபுணர்களைக் கொண்டுவந்து, வீரர்களின் காலில் ரப்பர் பட்டையை மாட்டி நடக்கவிட்டார். பத்திரிகைகள் சிரித்தன. ஆனால் என்ன செய்கிறோம் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. கோல்கீப்பர் ஆலிவர் கானை உட்கார வைத்து லேமனை நிறுத்தும் துணிச்சலும் இருந்தது. கொரியாவில் அந்த மாதிரி ஒரு திட்டத்தைக் காட்டுங்கள் என்றால் காட்ட முடியாது. போதாததற்கு, கொரியாவிலேயே தங்குவேன் என்று வந்த புதிதில் அவரே வாக்குக் கொடுத்திருந்தார். தர முடியாத வாக்கை ஏன் தர வேண்டும்? உள்ளூர் லீக்கில் ஆடும் இருபது வயதுப் பையனுக்கு, கோச் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்க்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அதை ஜூம் காலில் ஈடுகட்ட முடியாது.

2024 பிப்ரவரியில் ஆசியக் கோப்பை அரையிறுதியில் ஜோர்டானிடம் 2-0 தோல்வி. கோலை நோக்கி ஒரு ஷாட்கூடப் போகவில்லை. முந்தின நாள் இரவு சாப்பாட்டு இடத்தில் லீ காங்-இன்னும் மற்ற இளைஞர்களும் டேபிள் டென்னிஸ் ஆடக் கிளம்ப, கேப்டன் சன் தடுக்கப் போய், கைகலப்பில் அவருடைய விரல் பிசகியது. அடுத்த நாள் விரலில் கட்டோடு ஆடினார். கோச்சின் பிடி தளர்ந்ததற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? அந்த இரவில் கிளின்ஸ்மான் கலிஃபோர்னியாவில் இல்லை, கத்தாரில் அதே அணியோடுதான் இருந்தார். ஆனால் மக்கள் பிடித்துக்கொண்டது, நாடு திரும்பிய இரண்டே நாளில் அவர் அமெரிக்கா போய்விட்டதைத்தான். பிப்ரவரி 16 அன்று வேலை போனது. போக வேண்டியதுதான். ஆனால் உண்மையான காரணம் எதுவோ அதற்காகப் போயிருக்கலாம்.

அதே கொரியா 2002இல் அப்போதைய கோச் ஹூஸ் ஹிடிங்கை என்ன செய்தது என்று பாருங்கள். 2001இல் பிரான்சிடம் 5-0, செக் குடியரசிடம் 5-0. அடுத்த ஜனவரியில் கோல்ட் கப் பயணத்தில் அமெரிக்காவிடமும் தோல்வி. உடனே, காதலியோடு சுற்றுகிறார், அணியைக் கவனிப்பதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஜூன் மாதம் அணி உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போனது. கௌரவக் குடியுரிமை கொடுத்தார்கள், குவாங்ஜூ மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். காதலி அதே காதலிதான்.

இந்த வரிசையில் லூயிஸ் என்ரிக்கேயைச் சேர்க்கவே மனசு வரவில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியவில்லை. 2019 மார்ச்சில் ஸ்பெயின் கோச்சாக மால்டா ஆட்டத்தில் இருக்க வேண்டியவர், அதை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். குடும்பக் காரணம் என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜூனில் பதவியையே விட்டார். ஆகஸ்ட் 29 அன்று அவரே உலகத்துக்குச் சொன்னார்: ஒன்பது வயது மகள் ஸானா, எலும்புப் புற்றுநோயோடு ஐந்து மாதம் போராடி இறந்துவிட்டாள். அந்த மாதங்களில் ஸ்பானிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் தோண்டித் துருவாமல் கண்ணியம் காத்தன. அணி ஜெயித்துக்கொண்டிருந்தது என்பதும் கொஞ்சம் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் நல்லதுதான்.

2025 நவம்பரில் கிங்ஸ்டனில் ஜமைக்காவோடு 0-0 என்று முடித்து, ஒன்றரை லட்சம் பேர் வாழும் கரீபியன் தீவான கியூராசாவ் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அந்த ஆட்டத்தில் கோச் டிக் அட்வோகாட் மைதானத்திலேயே இல்லை. குடும்ப விஷயமாக நெதர்லாந்துக்குப் போயிருந்தார். எழுபத்தெட்டு வயது மனிதர். யாராவது கேள்வி கேட்டார்களா? கடைசி நிமிடத்தில் ஒரு கோல் விழுந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. துபாயிலும் குவைத்திலும் சம்பாதித்து, பிள்ளையின் உயரத்தை வீடியோ காலில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அப்பாக்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கோச்சுக்குப் பணம் அதிகம், வசவும் அதிகம். மற்றபடி அதே பிழைப்புதான். ஆனால் அவர் பிள்ளையோடு கடற்கரையில் நிற்கும் போட்டோ வந்தால் மட்டும், கீழே கமெண்டில் நாம் போய் என்ன எழுதுகிறோம்?

இந்திய அணியின் கோச்சாக இருந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைனையும் அப்படித்தான் வறுத்தெடுத்தோம். நேபாளம், இந்தியா, மலாவி, சூடான், ருவாண்டா, மறுபடியும் இந்தியா என்று வேலை பார்த்தவர். வீடு சைப்ரஸில். 2015இல் அவர் வந்த சமயத்தில் ஃபிஃபா தரவரிசையில் நாம் 173. 2017இல் 96. 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தபோது அவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டே நாளில் பஹ்ரைனிடம், அதுவும் கடைசி நேரப் பெனால்டியில், 1-0 என்று தோற்றோம். அன்று இரவு பத்திரிகையாளர் சந்திப்பிலேயே ராஜினாமா செய்தார். இனியாவது சைப்ரஸில் நிம்மதியாக உட்காருவார் என்று நினைத்தேன். 2022இல் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், 2023இல் பாகிஸ்தான். பாகிஸ்தானுக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல் வெற்றியையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். வீட்டில் என்ன சொல்லி அனுப்பினார்களோ.