நீக்குங்க, ஆனா எதுக்குன்னு எழுதிக் குடுங்க

எங்க தேயிலை கணக்கு ஆப் ப்ராஜெக்ட்ல கோட் எழுதிட்டு இருந்த ஒருத்தர நீக்கினது சரியா தப்பானு ஆளாளுக்கு இன்பாக்ஸ்ல கேக்கறீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா டைப் பண்ண கை வலிக்குது, அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். நீளமா போகும், பொறுத்துக்கோங்க. என் கருத்து இதான்: அவர நீக்கினது சரி. எதுக்கு நீக்கினோம்னு ஒரு வரி கூட எழுதிக் குடுக்காம நீக்கினது சரியில்ல. முதல் பாதிய கேட்டு ஒரு கோஷ்டி கோவிச்சுக்குது, ரெண்டாவது பாதிய கேட்டு இன்னொரு கோஷ்டி கோவிச்சுக்குது, பரவால்ல.

விஷயம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் முன்கதை. நீலகிரி சிறு தேயிலை விவசாயிங்களுக்காக கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் இருக்கற நாங்க கொஞ்ச பேரு சேர்ந்து ஒரு இலை கணக்கு ஆப் எழுதிட்டு இருக்கோம். இன்னிக்கு எத்தன கிலோ இலை ஏஜென்ட்கிட்ட போட்டோம், நனைஞ்ச இலைனு எடையில எவ்வளவு கழிச்சாங்க, உரத்துக்கு வாங்கின அட்வான்ஸ் எவ்வளவு, தேயிலை வாரியம் அந்த மாசத்துக்கு அறிவிச்ச விலைய போட்டா ஃபேக்டரில இருந்து கைக்கு எவ்வளவு வரணும், அவ்வளவு தான் அது. யாருக்கும் சம்பளம் கிடையாது. கோட் ஜிபிஎல் லைசென்ஸ்ல திறந்து கிடக்கு, யார் வேணா எடுத்துக்கலாம், மாத்தலாம்.

இதுல நல்லா கோட் எழுதறவருனா இப்ப நீக்கின அவரு தான், இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. நாங்க எழுதின கணக்குல ஒவ்வொரு எடையையும் கீழ இருக்கற முழு கிலோவுக்கு இறக்கிட்டு இருந்துச்சு, அதாவது 18.7 கிலோ போட்டா 18னு எடுத்துக்கும், யாருமே கவனிக்கல, மாசக் கடைசில விவசாயி கையில இருக்கற சீட்டுக்கும் ஆப்புல வர்ற கணக்குக்கும் ஒத்து வரலைனு புகார் வந்தப்ப எல்லாரும் ஏஜென்ட் மேல பழிய போட்டோம், அவரு தான் ராத்திரி உக்காந்து நோண்டி, தப்பு கோட்ல தான் இருக்குன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணாரு. அந்த மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்.

ஆனா புதுசா வர்றவங்க கோட ரிவ்யூ பண்றப்ப அவரு எழுதற கமெண்ட் இருக்கே. கூடலூர் பக்கத்துல இருந்து ஒரு காலேஜ் பொண்ணு, முதல் புல் ரிக்வெஸ்ட் (தான் எழுதின மாற்றத்த சேத்துக்கோங்கன்னு கேக்கறது) போடுது, தமிழ் தேதி காட்டற சின்ன விஷயம், அதுக்கு கீழ இவரு எழுதறாரு, "இத எழுதறதுக்கு இலை பறிக்க போயிருக்கலாம்"னு. அந்த பொண்ணோட அம்மா எஸ்டேட்ல இலை பறிக்கறவங்க. இவருக்கு அது தெரியுமா தெரியாதான்னு எனக்கு முக்கியம் இல்ல, இலை பறிக்கறவங்களுக்காகவும் சேர்த்து தானேப்பா இந்த ஆப்ப எழுதறோம், அத கேவலமா சொல்ற வாய வச்சுட்டு இங்க என்ன வேலை? அந்த பொண்ணு ஒரு பதிலும் போடல, அதுக்கப்புறம் ப்ராஜெக்ட் பக்கமே வரல. அந்த பொண்ணு மட்டும் இல்ல, இன்னும் சில பேரு அப்படித்தான் சத்தமில்லாம ஒதுங்கிட்டாங்க. "எத்தன கமிட் (கோட்ல சேத்த மாற்றம்) போட்டிருக்காரு பாருங்க, அவர போய் அனுப்பலாமா"னு கேக்கறவங்க இத யோசிங்க, அவரு எழுதினது கணக்குல வருது, அவரால ஓடிப் போனவங்க எழுதியிருக்க வேண்டியது எந்தக் கணக்குல வருது? அது மட்டும் இல்ல, அவரு எழுதின கோட் எங்கயும் போகல, லைசென்ஸ் அப்படி, ஆள் போனாலும் அந்த 18.7 கிலோ 18.7 கிலோவா தான் இருக்கும்.

சரி, இப்ப ரெண்டாவது பாதி. ஒரு நாள் ராத்திரி எங்க மெயின்டெய்னருங்க, அதாவது ப்ராஜெக்ட்ட நடத்தறவங்க, கோட்ல கை வைக்க அவருக்கு இருந்த அனுமதி எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, வாட்ஸப் குரூப்ல இருந்தும் தூக்கிட்டாங்க, "குழுவின் நலன் கருதி" அப்படின்னு ஒரு வரி, முடிஞ்சது. அடுத்த நாள் காலைல இருந்து கதை கதையா வருது. சமவெளில இருந்து வந்தவருங்கறதால தூக்கிட்டாங்கன்னு ஒருத்தர், ஏதோ ஃபேக்டரிகாரங்க சொல்லித் தான் தூக்கினாங்கன்னு இன்னொருத்தர், நிதி ஏதோ வரப் போகுது அதுல பங்கு குடுக்கக் கூடாதுன்னு தான்னு மூணாவது ஆள். நிதியாவது ஒண்ணாவது, சர்வர் வாடகையே நாங்க கைக்காசு போட்டு கட்டறோம். காரணத்த சொல்லாம விட்டா அந்த இடத்துல வாய்க்கு வந்த காரணம் எல்லாம் வந்து உக்காந்துக்கும்.

இது எங்க சின்ன குழுவுல மட்டும் நடக்கற கூத்து இல்ல. 2024 ஆகஸ்ட்ல பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழிய எழுதற குழுவுல நடந்தத பாருங்க. டிம் பீட்டர்ஸ், பைத்தான்ல நீங்க ஒரு லிஸ்ட்ட சார்ட் பண்ணா, அதாவது வரிசைப்படுத்தினா, பின்னாடி ஓடற டிம்சார்ட்ங்கற முறைய 2002ல எழுதினவரு, பேரே அவரு பேரு தான், ஜாவா மொழியிலயும் அத எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவு பெரிய ஆள, பைத்தான் பத்தின முடிவெல்லாம் எடுக்கற அஞ்சு பேர் கொண்ட ஸ்டியரிங் கவுன்சில் மூணு மாசம் சஸ்பெண்ட் பண்ணுச்சு. பைத்தான் ஃபவுண்டேஷன் குடுக்கற ஃபெலோங்கற கவுரவத்த, நடத்தை விதிய மீறினா உறுப்பினர் ஓட்டுக்கு விடாம போர்டே பிடுங்கிக்கலாம்னு ஒரு விதி மாத்தற விவாதம், அதுல அவரு எதிர்ப்பா நிறைய எழுதினாரு. சஸ்பெண்ட் அறிவிப்புல முதல்ல பேரே இல்ல, காரணம்னு ஒரு பட்டியல் மட்டும். அந்த பட்டியல்ல 177 பதிவுல 47 பதிவு இவரே போட்டாருங்கறதும் இருக்கு, வேலை இடத்துல நடக்கற பாலியல் துன்புறுத்தல் விஷயத்த லேசா பேசினாருங்கறதும் இருக்கு, ரெண்டும் பக்கத்து பக்கத்துல. ஏங்க, அதிகமா பேசறது ஒரு குத்தம்னா எங்க ஊர்க் கூட்டத்துல பாதி பேர அனுப்பணும். ரெண்டாவது சொன்னது உண்மையா இருந்தா அது வேற கனம், அத தனியா எடுத்து, எந்த வரிக்காகனு காட்டி சொல்லியிருக்கணும். ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டினதால, அவருக்கு ஆதரவா வந்தவங்க லேசானத மட்டும் பிடிச்சுட்டு இதுக்கா சஸ்பெண்டுன்னு கேட்டாங்க, கவுன்சில் பக்கம் நின்னவங்க கனமானத மட்டும் பிடிச்சுட்டு இதையும் விடணுமான்னு கேட்டாங்க, ரெண்டு பக்கமும் வேற வேற விஷயத்த பத்தி சண்டை போட்டுட்டு இருந்தாங்க.

அதே வருஷம் நவம்பர்ல லினக்ஸ் கெர்னல்ல (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையக் கோட்) நடந்தது வேற மாதிரி. பிகேஷ்எஃப்எஸ்னு, டிஸ்க்ல ஃபைல அடுக்கி வைக்கற ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதற கென்ட் ஓவர்ஸ்ட்ரீட், இன்னொரு டெவலப்பர ஒரு மெயில்ல அசிங்கமா திட்டினாரு. எந்த மெயில்னு எல்லாருக்கும் தெரியும், பொதுவுல மன்னிப்பு கேளுங்கன்னு சொன்னாங்க, அவரு கேக்கல, 6.13 வெர்ஷன் முடியற வரைக்கும் அவரோட புல் ரிக்வெஸ்ட் எதையும் எடுக்க மாட்டோம்னு முடிவு பண்ணாங்க. ஒரு வெர்ஷன்னா ஒன்பது பத்து வாரம், அவ்வளவு தான். அதுக்கும் சண்டை வந்துச்சு, வராம இருக்குமா, ஆனா "எதுக்கு"னு யாரும் கேக்கல, "இது போதுமா, அதிகமா"ன்னு தான் கேட்டாங்க. அந்த சண்டைல ஒரு அர்த்தம் இருக்கு. (அப்புறமும் அவருக்கும் லினக்ஸ ஆரம்பிச்ச லினஸுக்கும் ஒத்துப் போகாம, 2025ல அந்த ஃபைல் சிஸ்டத்தையே கெர்னல்ல இருந்து வெளிய எடுத்துட்டாங்க. தடை போட்டா ஆள் திருந்திடுவாருன்னு நான் சொல்ல வரல.) லினஸ் டோர்வால்ட்ஸே ஊர் அறிஞ்ச வாய்க்காரர், 2018 செப்டம்பர்ல தன் பேச்சுக்கு மன்னிப்பு கேட்டு கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தாரு, அப்பத் தான் கெர்னலுக்கு இப்ப இருக்கற நடத்தை விதியே வந்துச்சு.

எங்க குரூப்ல ஒரு பெரியவர் இத ஊர்விலக்குனு சொன்னாரு, பெரிய வார்த்தை அது. ஊர விட்டு விலக்கினா கடைல சாமான் குடுக்க மாட்டாங்க, நல்லது கெட்டதுக்கு வர மாட்டாங்க, போக்கிடம் இருக்காது. இங்க அப்படி இல்ல, மொத்த கோடையும் ஃபோர்க் பண்ணிட்டு (காப்பி எடுத்து தனியா பிரிச்சுட்டு) நாளைக்கே அவரு சொந்தமா நடத்தலாம், யாரும் தடுக்க முடியாது. நெட்பிஎஸ்டிங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்த ஆரம்பிச்ச நாலு பேர்ல ஒருத்தரான தியோ டி ராட்ட, 1994 டிசம்பர்ல, நீ ஜனங்ககிட்ட பேசற விதம் சரியில்லைனு மத்தவங்க வெளிய அனுப்பினாங்க, சோர்ஸ் கோட்ல கை வைக்கற அனுமதி போச்சு. 1995ல அவரு அத ஃபோர்க் பண்ணி ஓபன்பிஎஸ்டி ஆரம்பிச்சாரு, 1999ல அங்க இருந்து தான், தூரத்துல இருந்து சர்வருக்குள்ள பத்திரமா நுழைய உதவற ஓபன்எஸ்எஸ்ஹெச் வந்துச்சு, இன்னிக்கு சர்வர்ல வேலை பாக்கறவங்க யாரும் அது இல்லாம ஒரு நாள் ஓட்ட முடியாது. எனக்கு பிடிச்ச விஷயம் அது இல்ல. அந்த காலத்துல யார் எந்த வரிய எப்ப மாத்தினாங்கங்கறது உள்ள இருக்கற டெவலப்பருங்களுக்கு மட்டும் தான் தெரியும், வெளிய இருக்கறவங்களுக்கு ரிலீஸ் மட்டும் தான். கதவ சாத்தி வெளிய நிறுத்தப்பட்ட இந்த மனுஷன் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் தான் முதல்முதலா அனானிமஸ் சிவிஎஸ்னு, கணக்கு இல்லாதவங்களும் கோட் மாற்றத்த பாக்கற வசதிய வச்சு, யார் வேணா உள்ள எட்டிப் பாத்துக்கலாம்னு திறந்து விட்டுச்சு. தன்ன அனுப்பினப்ப நடந்த மெயில் சண்டையையும் அவரே பொதுவுல போட்டு வச்சிருக்காரு.

அதனால ஊர்விலக்கு இல்ல. ஆனா நம்ம ஆள் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், தனியா இருக்கற மனுஷன், ஆடி மாசத்து மழையில மரம் விழுந்து கரண்ட் போனாக்கூட போன் சார்ஜ் தீர்ற வரைக்கும் இந்த குரூப்ல தான் பேசிட்டு இருப்பாரு. ஃபோர்க் பண்ணிட்டு போனா கோட் கூட வரும், பேச்சுத் துணை வராது. நீக்கக் கூடாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. எத்தன நாளைக்குன்னாவது சொல்லுங்கன்னு தான் அர்த்தம்.

"நாம எல்லாம் பாத்து பழகினவங்க, காரணத்த எழுதி வச்சா அவருக்கு தான் அசிங்கம், மலைல ஒரு பேச்சு ஒரு மணி நேரத்துல குந்தா வரைக்கும் போயிடும்"னு எங்க மெயின்டெய்னருங்க சொல்றாங்க. இதுல நியாயம் இருக்கு, அத நான் மறுக்கல. அப்ப பொதுவுல சுருக்கமா போடுங்க, அவருக்கு மட்டும் முழுசா எழுதி அனுப்புங்க, இன்ன தேதில இன்னாருக்கு எழுதின இந்த வரிக்காகனு. "உங்க குணம் சரியில்ல"னு எழுதாதீங்க, குணத்துக்கு யாராலயும் பதில் எழுத முடியாது, ஒரு வரிக்கு எழுத முடியும். அவருக்கு பதில் எழுத ஒரு இடமும் வேணும், அந்த இடம் நீக்கினவங்களே உக்காந்திருக்கற இடமா இருக்கக் கூடாது. 2021 நவம்பர்ல ரஸ்ட்ங்கற ப்ரோக்ராமிங் மொழியோட மாடரேஷன் டீம் (நடத்தை விதிய பாத்துக்கறவங்க) மொத்தமா ராஜினாமா பண்ணிட்டு போச்சு, மேல இருந்த கோர் டீம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாம இருக்குன்னு சொல்லி. அவ்வளவு பெரிய இடத்துலயே அந்த ஓட்டை இருந்துச்சுனா நாங்க எம்மாத்திரம்.

இதுல எரிச்சலான விஷயம் என்னன்னா எங்க ரெப்போல (கோட் வச்சிருக்கற இடம்) நடத்தை விதினு ஒரு ஃபைல் முதல் நாள்ல இருந்தே இருக்கு. கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்டோட ரெண்டாவது வெர்ஷன், எல்லாரும் காப்பி பண்ற அதே ஃபைல். அதுல நாலு படி தெளிவா போட்டிருக்கு, முதல்ல தனியா கூப்பிட்டு எழுத்துல சொல்லி திருத்தறது, அடுத்து எச்சரிக்கை, அடுத்து கொஞ்ச காலத்துக்கு தடை, கடைசியா நிரந்தர தடை. நாங்க முதல் மூணு படிய பாக்கவே இல்லாம நாலாவதுல போய் நின்னுட்டோம். புகார் யாருக்கு அனுப்பணும்ங்கற இடத்துல "தொடர்பு முகவரியை இங்கே எழுதவும்"ங்கற வரி அச்சு அசலா அப்படியே கிடக்கு, கூடலூர் பொண்ணு புகார் குடுக்கணும்னு நெனச்சிருந்தாலும் எங்க குடுக்கறது?

அந்த இடத்துல ரெண்டு பேரோட முகவரிய போட்டு ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கேன், ரெண்டு பேரும் மெயின்டெய்னர் இல்ல, ஒருத்தர் இலை போடற விவசாயி. நீக்கினவரோட நிரந்தர தடைய ஆறு மாச தடையா மாத்தி, காரணத்த எழுதி அவருக்கு அனுப்பணும்னு அதுலயே கீழ கேட்டிருக்கேன். இன்னும் யாரும் ரிவ்யூ பண்ணல. குரூப்ல இருக்கறவங்க யாராவது இத படிச்சா போய் பாருங்க, ஒத்துக்க முடியலைனா ஏன்னு அங்கயே எழுதுங்க, இன்பாக்ஸ்ல வேண்டாம்.