ராத்திரி 2 மணிக்கு வாருங்கள்

ஆய்வுக் குழு வந்து மார்க் போட்ட பிறகு மத்திய அரசு தரும் தேசியத் தரச்சான்று (என்.கியூ.ஏ.எஸ்.) வாங்கினால் அரசு ஆஸ்பத்திரிகள் மாறிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் உண்மை. ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். ஆய்வு வருகிறது என்றால் ஒரு மாதம் ரெஜிஸ்டர் எழுதியே கை ஓய்ந்துபோகும்! ஆனாலும் பிரசவ அறையில் பலன் கிடைத்ததை மறுக்க மாட்டேன். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017 டிசம்பரில் கொண்டுவந்த 'லக்‌ஷ்யா' திட்டத்துக்குத் தயாரானபோதுதான் எங்கள் பிரசவ மேஜைகளுக்கு நடுவே திரை வந்தது. வலியில் கத்தும் பெண்களை அதட்டுவதும் குறைந்தது. சான்று 3 ஆண்டு செல்லும். சோப்பு? ஆய்வுக் குழு வண்டி ஏறிய மறுவாரமே வாஷ்பேசினில் அதைக் காணோம். இரவில் ஒரே நர்ஸ் இரண்டு வார்டைப் பார்க்கும்போது செக்லிஸ்டை யார் நிரப்புவது? தேதி சொல்லாமல் ஒருமுறை ராத்திரி 2 மணிக்கு வந்து மார்க் போடட்டும்.