வேலியில் முருங்கை, மேசையில் மாத்திரை

சனிக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் அவர்கள் வேலியோரம் ஒரு முருங்கை, கிளை ஒடிகிற அளவுக்குத் தழைத்து நிற்கிறது. உள்ளே போனால் சாப்பாட்டு மேசையில் ஒரு புட்டி, நிறையப் பச்சை மாத்திரை. என்ன அண்ணி இது என்றேன். "மொரிங்கா. ரொம்பச் சத்தாம்." விலையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொரிங்கா என்றால் முருங்கைதானே, மரம் வாசலிலேயே நிற்கிறதே என்றால், "அதை யார் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருப்பது?" சரி. தொடர் பார்க்க மட்டும் இரண்டு மணி நேரம் எங்கிருந்து வருகிறது?

மத்தியானச் சாப்பாடு என்ன தெரியுமா? வெள்ளை ரொட்டி, மார்கரின், போலோனி என்கிற ஆலையில் அரைத்துச் செய்த இறைச்சி உருளை. பிள்ளைகளுக்கு நூடுல்ஸ். 2017-18இல் லிஸ்டீரியா வந்து இந்த நாட்டில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். போலோனி ஆலையிலிருந்துதான் கிருமி பரவியது என்று 2018 மார்ச்சில் சுகாதார அமைச்சரே சொன்னார். அப்போது இதே அண்ணி போலோனியைத் தூக்கிக் குப்பையில் போட்டார். எல்லாம் மறந்துபோயிற்று.

நான் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தையில் வாங்கிப் போன மடும்பியை, அதாவது சேப்பங்கிழங்கைப் பார்த்து அவர் மகன் சிரிக்கிறான், ஏழைச் சாப்பாடாம்! டேய், உன் கொள்ளுத்தாத்தா அதை விளைவித்துத்தானடா குடும்பத்தை நிமிர்த்தினார். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கென்று வந்து இறங்கிய நம்மவர்களில் எத்தனையோ பேர் ஒப்பந்தம் முடிந்ததும் துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து டர்பனுக்கே காய்கறி போட்டவர்கள். எங்கள் ஆயா விடியுமுன் கீரைக்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வார்விக் சந்தைக்கு நடந்தவர். டர்பன் கேட்டோ மேனரில் இருந்த தோட்டத்தை, இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைச் சொல்லி அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது. இப்போது யாரும் பிடுங்கவில்லை, நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

விலை என்று மட்டும் சொல்லாதீர்கள். பச்சைக் காய்கறிக்கும் காய்ந்த பீன்ஸுக்கும் மைசூர்ப் பருப்புக்கும் இங்கே வாட் வரி கிடையாது. நூடுல்ஸுக்கும் போலோனிக்கும் உண்டு. வரியையும் கட்டி வியாதியையும் வாங்குகிற ஆட்களை என்ன சொல்ல? இரண்டு வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் பாடு வேறு. முந்தின ராத்திரி பீன்ஸை ஊறப்போடக்கூடக் கை வராதவர்களைத்தான் சொல்கிறேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர் ஊற்றுகிற நேரம்!

(ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தின்கிற பன்னி சௌவுக்கு வெள்ளை ரொட்டிதான் வேண்டும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.)

கிளம்பும்போது அண்ணன் சொல்கிறார், இலை கொட்டிக் கார் அழுக்காகிறதாம், முருங்கையை வெட்ட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வெட்டுகிற அன்றைக்குக் கூப்பிடுங்கள், இரண்டு போத்தாவது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.