மல்லாட்டையை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பாரம்பரிய உணவு விழாவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நம் மண்ணின் பயிர் கிடையாது என்று சொல்லி அம்மாவின் மல்லாட்டை உருண்டையை எடுக்கச் சொன்னார்கள். பக்கத்திலேயே தக்காளித் தொக்கு இருந்தது, காய்ந்த மிளகாய் அரைத்த காரக்குழம்பு இருந்தது. மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, மல்லாட்டைக்கு மட்டும் இல்லையா?

மணிலாக் கொட்டை என்பதுதான் நம் வாயில் மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆனது. 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் ஓடின. வெள்ளி இந்தப் பக்கம் வந்தது, சீனப் பட்டு அந்தப் பக்கம் போனது. அந்த மணிலாவின் பெயரை வேலூர்ச் சந்தையில் இன்றைக்கும் கூவி விற்கிறோம். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டுச் சீமை மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிலுக்கும் போனது. அவர்கள் ஆலை ஓட நம் செம்மண் வேண்டியிருந்தது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்தபோது அடி நம் மானாவாரிக்காரன் வயிற்றில் விழுந்தது.

யாரும் யாரையும் நம்பாமல் வாழ்ந்ததில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்தது எதற்கு? கிராம்பு விளைந்த தீவுகளில் பதிலுக்குக் கேட்டது நம் கரைத் துணியை. இங்கே தறி நின்றால் அங்கே கிராம்பு கைமாறாது. ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல் லண்டன் போனது. பின்னால் அந்தப் பட்டைக்குப் பதிலாக வாட்டில் என்ற மரத்தின் பட்டை தென்னாப்பிரிக்காவிலிருந்து இறங்கியது.

"மிளகாய் வருமுன் மிளகு போட்டுத்தானே சமைத்தோம்?" சமைத்தோம். அதற்காக இன்று மிளகாயை விடுவீர்களா?

"அப்போ வெள்ளைக்காரன் அடித்த கொள்ளை உனக்கு நல்லதா?" இந்தக் கேள்வி நியாயமானது. நல்லது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சாதிக்காய்க்காக 1621இல் இந்தோனேசியாவின் பந்தா தீவுகளில் டச்சுக்காரர்கள் செய்த படுகொலையை நானும் படித்திருக்கிறேன். ஒருவரை ஒருவர் சார்ந்திருந்தார்கள் என்றால் சரிசமமாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் கொள்ளையடித்தவன் மேல் உள்ள கோபத்தை, அவன் வந்த வழியில் வந்த பயிரை நட்டுப் பிழைத்தவள் மேலா காட்டுவது?

அம்மா சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதைவிட மல்லாட்டை ஆயப் போனதுதான் அதிகம். காயைக் கூலியாக மடியில் கட்டிக்கொண்டு வருவார். இந்த விழாவுக்கென்று முந்தின ராத்திரி மணலில் வறுத்து, தோல் போகத் தேய்த்து, முறத்தில் புடைத்து, வெல்லம் சேர்த்து உரலில் இடித்தார். நான் மிக்சி போதும் என்றேன், கேட்கவில்லை. எடுக்கச் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, விழா முடியும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார்.

பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "ஏன்டா, மல்லாட்டை நம்மளுது இல்லையா?"

மணிலாவைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்லவில்லை. "நம்மளுதுதாம்மா" என்று மட்டும் சொன்னேன். டப்பா இன்னும் அடுப்படியில் மூடியபடியே இருக்கிறது.